எழுதியதை வாசித்தவர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் காலை பஸ்ஸில் பதினோரு வருடம் போய்வந்தேன். வழியில் ஒரு ஊரில் இறங்கிக் கரிசல் புழுதியில் அரை மைல் நடந்தால் நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளி. அறுபதுகளின் பின்பாதியில் அங்கே இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்தேன். அன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. ஆறிலிருந்து பதினொன்று வரை இங்கிலீஷுக்கு நாங்கள் இரண்டே பேர். இன்னொருவர் கணக்கும் சேர்த்து எடுத்தார். அதனால் பெரும்பங்கு என் தலையில்தான் விழுந்தது.

எங்கள் வீட்டில் தெலுங்கு. தெரு முழுக்கத் தறிச் சத்தம், தறிக்காரர்கள் பேச்சு முழுக்கத் தெலுங்கு. முதல் வகுப்பில் தாகம் எடுத்து நான் "நீள்ளு" என்று கேட்டது வாத்தியாருக்கு விளங்காமல், வெளியே போகக் கேட்கிறேன் என்று நினைத்து என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அனுப்பிவைத்தார். அங்கே நின்று அழுதேன். தெரியாத மொழிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும், நான் நல்ல டீச்சராக வருவேன் என்று ஆசிரியர் பயிற்சிக்கு பி.டி. படித்தபோது நினைத்துக்கொண்டதுண்டு. வேலைக்கு வந்த மூன்றாம் வருடத்தில் அந்த நினைப்பெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அலுப்புதான் காரணம். வெயிலும் பஸ்ஸும் மட்டும் என்றால் தூங்கி எழுந்தால் தீர்ந்துவிடும். அறுபது நோட்டுகளில் அறுபதிலும் ஒரே தப்பைத் திருத்தும் அலுப்பு அப்படித் தீராது. அவன் போகிறான், அவள் போகிறாள் என்று வந்தால் வினைச்சொல்லின் கடைசியில் ஒரு 'எஸ்' சேர்க்க வேண்டும் என்று ஜூனில் சொல்வேன். ஆகஸ்டில் சொல்வேன். பொங்கல் முடிந்து வந்து சொல்வேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அந்த 'எஸ்' இல்லாமலே போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வருவார்கள். எல்லாப் பாடத்திலும் தேறி இங்கிலீஷில் மட்டும் விழுந்தவர்கள் பருத்திக் காட்டுக்குப் போனார்கள். அதில் கெட்டிக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர் இருந்தது இன்னும் உறுத்துகிறது.

அந்த மூன்றாம் வருடம் ஜூனில் ஆறாம் வகுப்புக்கு ஒரு கிராமத்திலிருந்து பதினோரு பிள்ளைகள் சேர்ந்து வந்தார்கள். கண்மாய்க்கு அந்தப் பக்கம், இரண்டு மைல் தள்ளி இருந்த ஊர். அங்கே ஐந்தாம் வகுப்பு வரை ஒரு யூனியன் பள்ளிக்கூடம் உண்டு. முதல் நாள் அதில் ஒரு பெண்ணை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். 'கத்தி மேசைமேல் இருக்கிறது' என்ற சின்ன வாக்கியம். அவள் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள்.

"தெ க்னிபே இஸ் ஆன் தெ டப்லே."

வகுப்பு சிரித்தது. அடுத்த பையனை எழுப்பினேன். அவனும் க்னிபே, டப்லே என்றான். பதினோரு பேரும் அப்படியே. ஒன்று, இரண்டு சொல்லச் சொன்னால் "ஒனே, ட்வோ" என்றார்கள். வீடு அவர்களுக்கு "ஹௌசே". தயங்கவில்லை, திக்கவில்லை. உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு மொழியை ஓட்டமாக வாசித்தார்கள்.

இதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம், தப்பாகத் தெரிந்துகொண்டு வந்த பிள்ளையை முதலில் மறக்கவைக்க வேண்டும். எனக்கு அதற்குத் தெம்பு இல்லை.

அதே வாரத்தில் தலைமையாசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் தாள் மேசைமேல் கிடந்தது.

"என்னம்மா இது? எல்லாத்துலயும் பாஸு, இங்கிலீசுல போச்சு. மேல இருந்து கேக்குறாக. நான் என்ன பதில் சொல்ல?"

"கீழ இருந்து வாரப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியல சார். அங்க யாரும் சரியாச் சொல்லிக்குடுக்கல. நான் ஒருத்தி எங்கிருந்து தொடங்க?"

"அப்ப அத எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். அவர் மேசையிலேயே, அவர் கொடுத்த தாளிலேயே. பள்ளிகளுக்கான டெப்டி இன்ஸ்பெக்டருக்கு. அந்தக் கிராமத்துப் பள்ளியில் ஆங்கிலம் அறியாத ஆசிரியர் ஆங்கிலம் கற்பிப்பதாகவும், அதனால் பிள்ளைகளின் எதிர்காலம் பாழாவதாகவும், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும். 'பாழாவதாகவும்' என்ற சொல்லை எழுதும்போது கை நன்றாக ஓடியது. தலைமையாசிரியர் அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டு வீடு திரும்பியபோது பாரம் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சுற்று வட்டாரத் தொடக்கப் பள்ளி வாத்தியார்களுக்கு எங்கள் பள்ளியில் மாதக் கூட்டம் நடந்தது. எனக்கு அதில் வேலை இல்லை. நோட்டுத் திருத்த வந்திருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் டீக்கடைக்குப் போனபிறகு, வகுப்பு வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஐம்பத்து மூன்று, நான்கு வயது இருக்கும். வெயிலில் கறுத்த உடம்பு. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, கையில் மஞ்சள் பை.

"டீச்சர், எம் பிள்ளைக பதினோரு பேரு உங்ககிட்ட வந்திருக்காக. எப்படிப் படிக்குதுக?"

நான் பேனாவை மூடாமலே கேட்டேன். "நீங்கதான் அந்தப் பள்ளிக்கூடத்து சாரா? க்னிபேன்னா என்ன சார்?"

அவர் முகம் மாறவில்லை. பையிலிருந்து மூன்றாம் வகுப்பு இங்கிலீஷ் ரீடரை எடுத்தார். அட்டை கிழிந்து, துணி ஒட்டித் தைத்திருந்தது. "அதக் கேக்கத்தான் டீச்சர் வந்தேன். நான் சொல்றது சரியா தப்பான்னு எனக்கே தெரியல. கேக்க ஒரு ஆளு இல்ல. நான் எட்டாங்கிளாஸ் படிச்சு ட்ரெயினிங் போனவன். நான் படிச்ச பள்ளிக்கூடத்துல அப்ப இங்கிலீசே கிடையாது. ட்ரெயினிங்ல எழுத்து மட்டும் போட்டுக் காட்டுனாக. அப்பறம் திடுதிப்புனு மூணாங்கிளாஸ்ல இருந்து நடத்தணும்னு புத்தகத்தக் குடுத்துட்டாக."

"அதுக்காக இப்படியா சார்?"

"தமிழ்ல எழுதுனதத்தான வாசிக்கிறோம்? க வந்தா க, ன வந்தா ன. இதுலயும் அப்படித்தான்னு நெனச்சேன். எழுதி வச்சுட்டு ஏன் வாசிக்கக் கூடாதுங்கிறாக?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. பிள்ளைகளின் பெஞ்சில், என் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். முதல் பாடத்தை வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு சொல்லின் தலைக்கு மேலும் பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டார். நைஃப். டேபிள். ஹவுஸ். முடிந்ததும் தலை நிமிராமல் கேட்டார்.

"அடுத்த சனிக்கிழமையும் வரலாமா டீச்சர்?"

முடியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஞாயிறு வீட்டாருக்குப் போய்விடும், துவைக்கவும் தூங்கவும் எனக்கென்று இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். ஆனால் அவர் அந்தப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு "வாங்க" என்றேன்.

வந்தார். கண்மாய்க் கரையோடு நடந்து, குடை பிடித்துக்கொண்டு. சனிக்கிழமை தவறவில்லை. மூன்றாம் வகுப்புப் புத்தகம் முடிந்து நான்காம் வகுப்புப் புத்தகம் தொடங்கினோம். எனக்கு ஒன்றும் ஆசை பொங்கிச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்துவிட வேண்டாம். பாதி நாள் கொட்டாவியை அடக்கிக்கொண்டுதான் சொன்னேன். அவருடைய நாக்கு முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த நாக்கு. ஃப வராது. பத்துத் தடவை சொல்லிவிட்டு, "பரவால்ல சார், நைப்புனே இருக்கட்டும்" என்பேன். அவர் விடமாட்டார். "இன்னொருக்காச் சொல்லுங்க" என்பார்.

அக்டோபரில் ஆறாம் வகுப்புக்கு டிக்டேஷன் வைத்தேன். சொல்வதைக் கேட்டு எழுதும் சோதனை. திருத்தும்போது திகைத்துப்போனேன். டவுனிலிருந்து வந்த பிள்ளைகள்கூட நைஃபுக்கு முன்னால் ஒலிக்காத அந்த 'கே'யை விட்டிருந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட விடவில்லை. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எப்படி எழுதினாய் என்று கேட்டேன். பயந்துகொண்டே சொன்னாள். "நீங்க நைஃபுன்னு சொன்னீங்க டீச்சர். நான் மனசுக்குள்ள க்னிபேன்னு சொல்லிக்கிட்டேன்."

சனிக்கிழமை அவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். "அப்ப முழுசாப் பாழாப் போகல" என்றார்.

பாழ் என்ற சொல் என்னைச் சுட்டது. நான் எழுதியது அவருக்குத் தெரியாது. ஆனால் அது எங்கேயோ ஒரு ஆபீசில் கிடக்கிறது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன். டெப்டி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் எங்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். இறங்கி, வீட்டுக்குப் போகிற தெருவில் திரும்பாமல் நேரே போனால் பத்து நிமிஷம். போய், அவசரப்பட்டு எழுதிவிட்டேன், அந்த ஆசிரியர் இப்போது என்னிடம் படித்துக்கொண்டுதான் நடத்துகிறார் என்று இன்னொரு தாள் எழுதிக் கொடுத்தால் முடிந்தது.

திங்கட்கிழமை இறங்கியபோது காலெல்லாம் கடுத்தது. நாளைக்கு என்று வீட்டுத் தெருவில் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை வீட்டில் இடுப்பில் ஏறிக்கொள்ள என் கைக்குழந்தை காத்திருந்தது. புதன்கிழமை மழை. பிறகு, ஆபீசுக்குப் போன தாளை யார் பார்க்கப் போகிறார்கள், அது தூசியில் கிடந்து மட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் அந்தத் தெரு முக்கில் அது நினைவுக்கு வரும். ஒவ்வொரு நாளும் திரும்பினேன். மார்கழி வந்தது. நினைவுக்கு வருவதும் நின்றது.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் டெப்டி இன்ஸ்பெக்டர் அந்தக் கிராமத்துப் பள்ளிக்குப் போனார் என்று தலைமையாசிரியர் சொன்னார். "உங்க லெட்டரக் கையோட கொண்டு போயிருக்காக" என்றார் திருப்தியாக. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வரக்கூடாது என்றுகூட வேண்டிக்கொண்டேன். பத்து மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்து, நடந்ததை அவரே சொன்னார், ஊரில் மழை பெய்ததைச் சொல்வதுபோல.

இன்ஸ்பெக்டர் முதலில் நான்காம் வகுப்பு ரீடரில் ஒரு பாடத்தை வாசிக்கச் சொன்னாராம். எங்கள் சனிக்கிழமைகளில் முடிந்த பாடம். பிசகில்லாமல் வாசித்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்திவிட்டு, ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி நடுவில் விரித்துக் கொடுத்திருக்கிறார். அதை நாங்கள் இன்னும் தொடவே இல்லை.

"எனக்குத் தெரிஞ்ச மாதிரி வாசிச்சேன் டீச்சர். எழுதியிருந்தத வாசிச்சேன். அவுக சிரிச்சாக. பிள்ளைக யாரும் சிரிக்கல. அதுகளுக்கு அதுல என்ன தப்புனு தெரியல."

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "சார், அந்த லெட்டரு..." என்றேன்.

"தெரியும் டீச்சர். கையெழுத்தக் காட்டுனாக. அஞ்சு மாசமா எம் நோட்டுல நீங்க எழுதித் தர்ற கையெழுத்து, எனக்குத் தெரியாதா?"

அவர் பென்சிலைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு. நான் உங்ககிட்ட வாரதுக்கு முன்னாடி எழுதுனதா, பின்னாடியா?"

"முன்னாடி சார். ஜூன்ல."

"அப்பச் சரி." மூச்சை விட்டார். பிறகு, "நான் வர ஆரம்பிச்ச பெறகு, அதத் திருப்பி வாங்கணும்னு தோணலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். கேட்டேன், கொடுக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

"தோணுச்சு சார். தெனமும் தோணுச்சு. அலுப்பா இருந்துச்சு, போகல."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரே ரூமுல அஞ்சு கிளாஸ வச்சு மேய்க்கிறவனுக்கு அலுப்புனா என்னன்னு தெரியாதா டீச்சர்" என்றார். அது மன்னிப்பா, குத்தலா என்று எனக்குப் புரியவில்லை. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "அவுக வாசிக்கச் சொன்ன பாடம் இதுதான். சொல்லுங்க."

சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து டெப்டி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து உண்மையிலேயே பத்து நிமிஷம்தான். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்த பிறகு உள்ளே விட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"நீங்கதானம்மா எழுதுனீங்க?"

"ஆமா சார். அப்ப விவரம் தெரியாம எழுதிட்டேன்."

"நீங்க எழுதுனது நெசம்தான? நானே போயிப் பாத்துட்டு வந்துட்டேன். இப்ப வந்து என்ன சொல்றீங்க?"

நான் எழுதியது உண்மைதான். எழுந்து வந்தேன்.

ஜூனில் அவருக்கு மாற்றல் வந்தது. வீரசோழனுக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். ஓய்வுபெற இரண்டு வருடம்கூட இல்லாதவர், நிலத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு அங்கே போய்ப் பள்ளிக்கூடத்திலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிட வேண்டியதாயிற்று. அவர் இருந்த இடத்துக்கு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த ஒருவரைப் போட்டார்கள். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். டவுனிலிருந்து வந்துபோனார், பஸ் தவறிய நாட்களில் வரவில்லை. அதற்கப்புறம் அந்த ஊரிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் க்னிபே என்றும் சொல்லவில்லை, நைஃப் என்றும் சொல்லவில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள்.

மாற்றலாகிப் போன ஊரிலிருந்து அவரால் சனிக்கிழமை வர முடியவில்லை. தபால் கார்டு வந்தது. ஒரு பக்கம் முழுக்க இடதுபுறமாக இங்கிலீஷ் சொற்கள், எதிரே வெற்றிடம். அது பதில் கார்டு, அவர் அனுப்பும் கார்டோடு சேர்ந்தே இருக்கும். ஒவ்வொன்றின் எதிரேயும் அது எப்படி ஒலிக்கும் என்று தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். நலமா என்றுகூட எழுதமாட்டார். மாதத்துக்கு இரண்டு, சில மாதம் மூன்று. உடனே எழுதி அனுப்ப வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஆனால் சில கார்டுகள் என் கைப்பையில் மூன்று வாரம் கிடந்தன. அவ்வளவு நடந்த பிறகும் அப்படித்தான் இருந்தேன். மனிதர்கள் ஒரு பாடத்தில் திருந்திவிடுகிறார்கள் என்று கதைகளில் வருகிறது. நான் திருந்தவில்லை. ஆனால் எத்தனை நாள் ஆனாலும் அனுப்பாமல் விட்டதில்லை.

ஒரு வருடமும் சில மாதமும் ஓடிய பிறகு கார்டுகள் நின்றன. ஓய்வு பெற்றிருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். விசாரிக்கப் போகவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது எழுபதுகளின் நடுவில், காரியாபட்டியில். பரீட்சைத் தாள் திருத்த மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் டயர் பஞ்சராகி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். சந்தை நாள். அவர் பருத்தி விதை வாங்க வந்திருந்தார், என்னை அவர்தான் முதலில் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். ரொம்ப மெலிந்திருந்தார். பிள்ளைகள், உடம்பு, மழை இல்லாதது எல்லாம் பேசினோம். நான்தான் கேட்டேன்.

"நீங்க மாத்தலாகிப் போன ஊருப் பிள்ளைக எப்படி சார்? மேல படிக்குதுகளா?"

"இல்ல டீச்சர். அங்க ஆறாங்கிளாஸ் போகணும்னா அஞ்சாறு மைலு நடக்கணும். அஞ்சாவதோட நின்னுருச்சுக. ஒண்ணுகூடப் போகல."

"இது அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன?"

"அப்புறம் எதுக்கு சார் அத்தன கார்டு போட்டீங்க?"

அவர் விதைப் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "மூணு, நாலு, அஞ்சுன்னு அதுக இங்கிலீசு படிக்கிறதே மூணு வருசம், அதையும் தப்பாவா சொல்லிக்குடுக்க முடியும்?" என்றார். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னார், இதைக்கூடக் கேட்க வேண்டுமா என்பதுபோல.

டயர் மாற்றி முடிந்து கண்டக்டர் விசில் ஊதினார். "வாரேன் சார்" என்றேன். "சரி, ஏறுங்க, எடம் போயிரும்" என்றார். இடம் போய்த்தான் இருந்தது. மதுரை வரை நின்றுகொண்டே போனேன். மறுநாள் காலை திருத்தும் கூடத்தில் என் முன்னால் விடைத்தாள் கட்டு ஒன்றை வைத்தார்கள். நூலைப் பிரித்து முதல் தாளை எடுத்தேன். முதல் வரியிலேயே அந்த 'எஸ்' இல்லை. வட்டம் போட்டுவிட்டு, அடுத்த வரிக்குப் போனேன்.